ஸ்குவாட்ரனை எண்ணுறோம், எஞ்சினை எண்ணுறோமா?

போன செப்டம்பர் 26-ம் தேதி எங்க காலேஜ் கேன்டீன்ல டிவி முன்னாடி நிக்க இடம் இல்ல. சண்டிகர்ல மிக்-21 விமானத்துக்கு வழியனுப்பு விழா நடந்துட்டு இருந்தது. 1963-ல் இந்திய விமானப்படை முதன்முதலா மிக்-21-ஐ வாங்கினப்போ அது வந்து சேர்ந்த இடமும் சண்டிகர்தான். 62 வருஷம் கழிச்சு அங்கேயே கடைசியா பறந்து இறங்குச்சு. ரெண்டு பக்கமும் தண்ணி பீய்ச்சி மரியாதை செய்தாங்க. கேன்டீன் அண்ணன்கூட தோசைக்கல்லை விட்டுட்டு வந்து எட்டிப் பார்த்தாரு. அன்னைக்கு சாயங்காலம் என் போன்ல வந்த ஸ்டேட்டஸ்ல பாதி மிக்-21தான், மியூசிக் போட்டு.

நானும் ஒண்ணு போட்டேன். பொய் சொல்ல விரும்பல.

எங்க தெருவுல ஒரு மாமா இருக்காரு. விமானப்படையில இருபது வருஷம் எஞ்சின் ஃபிட்டரா இருந்து, சார்ஜெண்டா ரிட்டயர் ஆனவர். இப்போ வீட்டுக்குப் பின்னால நாலு வாழை, ஒரு பழைய ஸ்கூட்டர், நாள் முழுக்க அதையே கழட்டி மாட்டுறது. அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட போய், "மாமா, மிக் போனதோட ஸ்குவாட்ரன் 29 ஆயிட்டு, தெரியுமா? இருக்க வேண்டியது 42"ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஸ்கூட்டர்ல இருந்து தலையைத் தூக்காமலே கேட்டாரு: "வண்டி எத்தனை நிக்குன்னு எண்ணாத மக்களே. எஞ்சின் யாருக்கன்னு கேளு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பத்தினது. நாலு மாசமா மண்டைக்குள்ள இருக்கு.

முதல்ல ஸ்குவாட்ரன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஒரு போர் விமான ஸ்குவாட்ரன்ல ஏறத்தாழ 18 விமானம் இருக்கும், அதை ஓட்டுற ஆளுங்க, அதைவிட அதிகமா அதைப் பராமரிக்கிற ஆளுங்க. 1933 ஏப்ரல் 1-ம் தேதி கராச்சியில் நாலே நாலு வாபிட்டி விமானத்தோட நம்ம முதல் ஸ்குவாட்ரன் ஆரம்பிச்சது. அதுல இருந்து ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு நம்பர், ஒரு பேர், ஒரு சின்னம். விமானம் பழசாகி, புதுசு வராம இருந்தா அந்த ஸ்குவாட்ரனைக் கலைக்க மாட்டாங்க. 'நம்பர் பிளேட்' பண்ணுவாங்க. அதாவது ஆளும் இல்ல, விமானமும் இல்ல, பேரை மட்டும் பத்திரமா எடுத்து வைக்கிறது. நம்ம ஊர்ல குடும்பத்தோட கல்ஃபுக்குப் போறவங்க வீட்டைப் பூட்டி சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போவாங்கல்ல, கிட்டத்தட்ட அது மாதிரி. புது விமானம் வந்தா பூட்டைத் திறந்து விளக்கேத்துவாங்க.

அப்படித் திறந்த வீடு தமிழ்நாட்டுலயே மூணு இருக்கு. தஞ்சாவூர்ல 222-வது ஸ்குவாட்ரன், 'டைகர் ஷார்க்ஸ்', 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானத்தோட திரும்ப உயிர் பெற்றது. கோயம்புத்தூர் பக்கம் சூலூர்ல ரெண்டு. 45-வது ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் டாகர்ஸ்', 2016 ஜூலை 1-ம் தேதி பெங்களூர்ல வெறும் ரெண்டு தேஜஸ் விமானத்தோட ஆரம்பிச்சு 2018-ல் சூலூருக்கு வந்தது. 18-வது ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்', 2016-ல் மிக்-27 போனதும் பூட்டின வீடு. 2020 மே 27-ம் தேதி சூலூர்லயே தேஜஸோட திறந்தாங்க.

இந்த 18-வது ஸ்குவாட்ரன் கதையைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். நம்ம விமானப்படைக்கு இதுவரை கிடைச்ச ஒரே பரம் வீர் சக்ரா இந்த ஸ்குவாட்ரனுக்குத்தான். நிர்மல் ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். பாகிஸ்தானோட சேபர் விமானங்கள் ஆறு வந்து ரன்வேயில குண்டு போடுது. அந்தப் புகைக்குள்ளேயே ஒரு நேட் விமானத்தை எடுத்துட்டுக் கிளம்பி, தனியா நின்னு சண்டை போட்டு, திரும்பி வரல. இதை எல்லாரும் சொல்வாங்க. ரீல்ஸும் இருக்கு. ஆனா அவர் ஓட்டின நேட்டுக்குள்ள என்ன எஞ்சின் இருந்ததுன்னு யாரும் சொல்றதில்ல. பிரிட்டன்ல டிசைன் பண்ணின ஆர்ஃபியஸ். பெங்களூர் எச்ஏஎல்ல லைசென்ஸ் வாங்கித் தயாரிச்சது.

அந்த ஆர்ஃபியஸை ஞாபகம் வச்சுக்கோங்க. ஏன்னா இந்தியா தானே டிசைன் பண்ணின முதல் ஜெட் போர் விமானமான மாருத்தோட கதையும் அதே எஞ்சினாலதான் முடிஞ்சது.

மாருத் பத்தி எங்க ஏரோ டிபார்ட்மெண்ட் பசங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியல, கேட்டுப் பார்த்தேன். ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்காக ஃபோக்கவுல்ஃப் விமானத்தை டிசைன் பண்ணின குர்ட் டாங்க்கை 1956-ல் இந்தியா கூப்பிட்டு வந்தது. பெங்களூர்ல ஹேங்கர் கட்டி, நம்ம ஆளுங்களைச் சேர்த்து, 1961 ஜூன்ல விமானம் பறந்துடுச்சு. அஞ்சே வருஷம். அழகான விமானம், போட்டோவைத் தேடிப் பாருங்க. அதோட உடம்பு ஒலியை விட வேகமாப் போறதுக்காக வரைஞ்சது. அதுக்குன்னு நினைச்சு வச்சிருந்தது ஆர்ஃபியஸோட இன்னொரு வகை, பின்னால தீ கக்குற ஆஃப்டர்பர்னர் உள்ளது. பிரிட்டன் அதை மேற்கொண்டு செய்யறதை நிறுத்திடுச்சு. வேணும்னா நீங்க காசு போடுங்கன்னாங்க, நாம போடல. கடைசில நேட்டுக்குப் போட்ட சாதா ஆர்ஃபியஸையே ரெண்டு மாட்டி ஓட்டினாங்க.

அதுக்கப்புறம் எஞ்சினைத் தேடி அலைஞ்ச கதை ஒரு சினிமா. எகிப்து அப்போ தனக்குன்னு ஒரு ஜெட் எஞ்சின் செஞ்சுட்டு இருந்தது. ஒரு மாருத்தை அங்க அனுப்பி, அந்த எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்த்தாங்க. அந்தத் திட்டமே மூடிப் போச்சு. அப்புறம் நம்ம ஆளுங்களே ஆர்ஃபியஸுக்கு ஆஃப்டர்பர்னர் செஞ்சு மாட்டினாங்க. 1970 ஜனவரி 10-ம் தேதி அந்த விமானத்தை எடுத்தவர் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ். 1961-ல் மாருத்தை முதன்முதலா பறக்க வச்சவரும் அவர்தான். கிளம்பின உடனே விழுந்து இறந்துட்டாரு. மொத்தம் 147 மாருத் செஞ்சாங்க, மூணு ஸ்குவாட்ரன்ல ஓட்டினாங்க, 1971 போர்ல நல்லாவே உழைச்சது. ஆனா எதுக்காக வரைஞ்சாங்களோ, அந்த வேகத்தை நேர்மட்டத்துல கடைசி வரைக்கும் தொடல.

மாருத்துக்கு எஞ்சின் தேடி அலைஞ்ச அதே காலத்துலதான் மிக்-21 வந்தது. ரெடிமேட். விமானமும் எஞ்சினும் சேர்த்து. நாசிக்கில் உடம்பு, ஒடிசாவில் கோராபுட்டில் எஞ்சின்னு எச்ஏஎல் தொழிற்சாலை போட்டது. 870-க்கு மேல மிக்-21 நம்மகிட்ட வந்திருக்கு. இன்னைக்கு தஞ்சாவூர்ல நிக்குற சுகோய்க்கும் எஞ்சின் கோராபுட்டில்தான் செய்யுறாங்க. 2024-ல் 240 எஞ்சினுக்கு 26,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டாங்க.

"அப்போ நாமதானே எஞ்சின் செய்யுறோம்?"னு மாமாகிட்ட கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதில் எந்த டெக்ஸ்ட் புக்லயும் நான் படிக்காதது. "புஸ்தகத்துல போட்டிருக்கு, இந்த போல்ட்டை இவ்வளவு டார்க்ல முறுக்குன்னு. நான் முறுக்குவேன். இருபது வருஷம் முறுக்கியிருக்கேன். ஏன் அவ்வளவு, ஏன் அதைவிடக் கொஞ்சம் கூட இல்ல? அது புஸ்தகத்துல கிடையாது. எழுதினவனுக்கு மட்டும் தெரியும், கேட்டியா."

லைசென்ஸ் தயாரிப்புன்னா அவ்வளவுதான். அது கேவலம் இல்ல, கோராபுட்ல வேலை செய்யுறவங்க திறமையை நான் குறைச்சு சொல்லல. ஆனா அறுபது வருஷம் எப்படின்னு கத்துக்கிட்டும் ஏன்னு நமக்குக் கைக்கு வரல. எஞ்சின் டிசைன்ல இந்த 'ஏன்'தான் எல்லாமே.

'ஏன்'னு தேடிப் போன ஒரு முயற்சி காவேரி. பெங்களூர்ல இருக்குற ஜிடிஆர்இ ஆய்வகத்துக்கு 1989-ல் அனுமதி கிடைச்சது, தேஜஸுக்கான எஞ்சினை நாமளே செய்யன்னு. 81 கிலோநியூட்டன் தள்ளுவிசை வேணும். வரல. எடையும் கூடிப் போச்சு. 2008-ல் காவேரியைத் தேஜஸ்ல இருந்து பிரிச்சுட்டாங்க. தேஜஸ் 2001 ஜனவரி 4-ம் தேதி முதன்முதலா பறந்தப்பவே அமெரிக்காவோட ஜிஇ எஃப்-404 எஞ்சின்லதான் பறந்தது. இன்னைக்கும் சூலூர்ல அதேதான்.

இதோட விலை என்னன்னு போன ரெண்டு வருஷமா பார்த்துட்டு இருக்கோம். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கு ஒப்பந்தம். அதே வருஷம் ஆகஸ்ட்ல 99 எஞ்சினுக்கு ஜிஇகிட்ட ஆர்டர். முதல் விமானம் 2024 தொடக்கத்துல வரணும். முதல் எஞ்சினே 2025 மார்ச்லதான் வந்தது. தாமதத்துக்கு எஞ்சின் மட்டும்தான் காரணம்னு சொன்னா அது பொய். ரேடார், ஏவுகணை, சான்றிதழ்னு எச்ஏஎல் பக்கமும் பாக்கி இருந்தது. ஆனா எஞ்சின் வராம தயாரா நின்ன விமான உடம்புகளைப் பத்தி செய்தியில படிச்சப்போ எனக்கு மாருத்தான் ஞாபகம் வந்தது. 1960-கள்ல பிரிட்டன், இப்போ அமெரிக்கா. காத்திருக்கிறது மட்டும் மாறல.

நவம்பர் 21-ம் தேதி துபாய் ஏர்ஷோவில் சூலூர்ல இருந்து போன தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தப்போ, அன்னைக்கு ராத்திரியே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல காரணம் கண்டுபிடிச்சு தீர்ப்பும் சொல்லிட்டாங்க. எஞ்சின்னு ஒருத்தன், பைலட்னு ஒருத்தன். ஒரு மனுஷன் செத்துப் போன நாள்ல இப்படிப் பேசுறதுக்கு நமக்கு என்ன படிப்பு இருக்குன்னு யோசிச்சேன். தெர்மல் என்ஜினியரிங் பேப்பர்ல பிரேட்டன் சைக்கிள் படம் வரைஞ்சு பதினாறு மார்க் வாங்குனதைத் தவிர? அதனால எஞ்சின் ஏன் கஷ்டம்னு நானாவது ஒழுங்கா தெரிஞ்சுக்கலாம்னு உக்காந்தேன்.

தினமும் ஆரல்வாய்மொழி வழியா காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு முப்பந்தல் காத்தாடிகளைத் தெரியும். அதுவும் ஒரு டர்பைன்தான். காத்து தள்ளுது, இறக்கை சுத்துது. இறக்கை எவ்வளவு பெருசானாலும் அதைத் தொடுறது நம்ம கணவாய்க் காத்து. ஜெட் எஞ்சினுக்குள்ள இருக்குற டர்பைன் பிளேடு நம்ம கைவிரல் அளவு. அதைத் தொடுற வாயு அந்த பிளேடு செஞ்ச உலோகம் உருகுற வெப்பத்தைவிட அதிக சூடு. புரியுதா? உருகணும், ஆனா உருகக் கூடாது. அதுக்காக பிளேடுக்குள்ள முடி மாதிரி ஓட்டைகள் போட்டு குளிர்ந்த காத்தை விடுறாங்க. வெளியில செராமிக் பூச்சு பூசுறாங்க. எல்லாத்துக்கும் மேல, முழு பிளேடையும் ஒரே ஒரு படிகமா வளர்க்குறாங்க. சாதாரண உலோகத்துல ஆயிரக்கணக்கான சின்னப் படிகங்கள் ஒட்டி இருக்கும், சூட்டுல அந்த ஒட்டுற இடத்துலதான் முதல்ல விரிசல் வரும். ஒட்டே இல்லைன்னா? இந்த வித்தை உலகத்துல விரல் விட்டு எண்ணுற நாடுகளுக்குத்தான் தெரியும். ஹைதராபாத்ல டிஎம்ஆர்எல் ஆய்வகம் அதைச் செஞ்சு, 2021-ல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடு எச்ஏஎல்லுக்குக் குடுத்திருக்கு. அந்தச் செய்திக்கு நான் எந்த ஸ்டேட்டஸும் பார்த்ததா ஞாபகம் இல்ல. நானும் போடல.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். பிளேடு செஞ்சா மட்டும் போதாது, எஞ்சினை ஓட்டி உடைச்சுப் பார்க்கணும். போர் விமானம் பறக்குற உயரத்துல காத்து மெலிசு, குளிர் ஜாஸ்தி. அந்தச் சூழலைத் தரையில உண்டாக்கி எஞ்சினை ஓட்டுற பெரிய அறை வேணும். நம்மகிட்ட இல்ல. அதனால காவேரி எஞ்சினை ரஷ்யாவுக்குக் கொண்டு போனாங்க. 2010-ல் அங்க ஒரு இல்யூஷின்-76 விமானத்துல மாட்டிப் பறக்க வச்சதும் அவங்க விமானம், அவங்க இடம், அவங்க குடுக்குற தேதி. ஒவ்வொரு தடவை தப்பு வரும்போதும் பெட்டி கட்டித் திரும்பி வந்து, சரி பண்ணி, மறுபடி வரிசையில நிக்கணும்னா எந்த எஞ்சின் எப்போ முடியும்?

"இந்தியாவால எஞ்சின் முடியாது"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். அவங்களை நான் மகேந்திரகிரிக்கு வரச் சொல்றேன். நம்ம மாவட்ட எல்லையைத் தாண்டினா வர்ற மலை. பணகுடியில எங்க சித்தி வீடு இருக்கு, டெஸ்ட் நடக்கும்போது ஜன்னல் அதிரும்னு சொல்வாங்க. 1990-கள்ல ரஷ்யா கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம் தரேன்னு சொல்லி, அமெரிக்கா தடுத்து, கடைசில தொழில்நுட்பம் இல்லாம எஞ்சின் மட்டும் வந்தது. இஸ்ரோ 1994-ல் தானே செய்ய ஆரம்பிச்சது. 2010 ஏப்ரல்ல முதல் தடவை ஏவினப்போ கடல்ல விழுந்தது. அடுத்து என்ன பண்ணினாங்க? வெற்றிடத்துல எஞ்சினைப் பத்த வச்சுப் பார்க்க மகேந்திரகிரியிலேயே வசதி பண்ணி, அங்கேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. 2014 ஜனவரி 5-ம் தேதி ஜிஎஸ்எல்வி ஜெயிச்சது. இருபது வருஷம்.

இதுல நம்ம ஊர்க்காரங்க யாருன்னு பாருங்க. விகாஸ் எஞ்சினுக்காக பிரான்ஸ் போய் வேலை கத்துட்டு வந்தவர், பிறகு கிரையோஜெனிக் திட்டத்தை நடத்தினவர் நம்பி நாராயணன், நாகர்கோவில்ல பிறந்தவர். மதுரையில மெக்கானிக்கல் படிச்சவர். 1994-ல் பொய்யான உளவு வழக்குல அவரைப் பிடிச்சுட்டுப் போனாங்க, 2018-ல் உச்ச நீதிமன்றம் நஷ்ட ஈடு குடுக்கச் சொன்னது. 2014-ல் ஜெயிச்ச அந்த ஜிஎஸ்எல்விக்குத் திட்ட இயக்குநர் சரக்கல்விளை கே. சிவன், அரசுப் பள்ளியில தமிழ் மீடியம். இப்போ இஸ்ரோ தலைவரா இருக்குற மேலக்காட்டுவிளை வி. நாராயணன் கிரையோஜெனிக் துறையிலயே ஊறினவர், எல்விஎம்-3 ராக்கெட்டோட கிரையோ நிலைக்குத் திட்ட இயக்குநரா இருந்தவர். (இங்கிலீஷ் மீடியத்துல பதினாலு வருஷம் படிச்ச நான் இந்தக் கட்டுரையில 'ள'வும் 'ழ'வும் எத்தனை தடவை மாத்தி எழுதித் திருத்துனேன்னு எடிட்டரைக் கேளுங்க.) இந்தக் குட்டி மாவட்டம் ராக்கெட் எஞ்சினுக்கு மூணு பேரைக் குடுத்திருக்கு. ஜெட் எஞ்சினுக்கு யாரைக் குடுத்திருக்குன்னு தேடினேன். ஒரு பேர்கூட எனக்குக் கிடைக்கல.

என் ரூம்மேட் இதைப் படிச்சுட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "லே, ராக்கெட் எஞ்சின் ஒரு தடவை எரிஞ்சா முடிஞ்சுது. ஃபைட்டர் எஞ்சின் தினமும் ஓடணுமே, ரெண்டும் ஒண்ணா?" ஒண்ணு இல்ல. கிரையோ எஞ்சின் ஒரு பயணத்துல பத்துப் பன்னிரண்டு நிமிஷம் எரியும். போர் விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம், அதுவும் பைலட் திடீர்னு முறுக்குவான், திடீர்னு விடுவான், தலைகீழாப் போவான். அதுதான் இன்னும் கஷ்டம்னு ஒத்துக்குறேன். ஆனா நான் ஒப்பிடுறது எஞ்சினை இல்ல. தோத்தப்போ என்ன பண்ணினாங்கங்குறதை. இஸ்ரோ தோத்ததும் டெஸ்ட் மேடையைப் பெருசாக்கினாங்க. காவேரி தோத்ததும் நாம பட்ஜெட்டையும் எதிர்பார்ப்பையும் சுருக்கிட்டோம். விமானம் வாங்க ஆயிரம் ஆயிரம் கோடின்னு பேசுறவங்க, பெங்களூர்லயோ, நம்ம மகேந்திரகிரி அடிவாரத்துலயோ ஜெட் எஞ்சினுக்கு உயரச் சூழல் சோதனை அறை கட்டுங்கன்னு ஒரு ட்ரெண்டிங் போட்டுப் பார்த்ததுண்டா? அடுத்த தலைமுறை ஆம்கா விமானத்துக்கு பிரான்ஸோட சாஃப்ரானோட சேர்ந்து எஞ்சின் செய்யப் போறோம்னு 2025 ஆகஸ்ட்ல பாதுகாப்பு அமைச்சர் சொல்லியிருக்காரு. நல்லது. அதைச் சோதிக்கிற இடம் எங்கே இருக்குங்குறதுதான் என் கேள்வி. அது நம்ம மண்ணுல இல்லைன்னா மறுபடியும் போல்ட் முறுக்குற வேலைதான் மிஞ்சும்.

மண்ணுன்னதும் இன்னொண்ணு. டர்பைன் பிளேடுக்கு மேல பூசுற செராமிக் பூச்சு சிர்கோனியா. அது சிர்கான் மணல்ல இருந்து வருது. எஞ்சினோட முன் பக்க பிளேடுகளுக்கு டைட்டானியம். அது இல்மனைட் மணல்ல இருந்து. இது ரெண்டும் நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையில கிடக்குது. 1909-ல் ஷாம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதுல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. கயிறு விக்கப் போய் மணல் தெரிஞ்ச கதை. அன்னைல இருந்து நூறு வருஷத்துக்கு மேல நம்ம மணல் போயிட்டே இருக்கு.

இதை ரொம்ப உற்சாகமா கடற்கரைப் பக்கம் இருந்து வர்ற என் கிளாஸ்மேட்கிட்ட சொன்னேன். "பாத்தியா மக்கா, ஃபைட்டர் எஞ்சினுக்கு வேண்டியது உங்க ஊர்ல இருக்கு!" அவன் சிரிக்கல. கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர்ல தாது மணல் எடுக்குற திட்டத்துக்கு எதிரா கடலோர ஊரெல்லாம் போராடுனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் வீட்லயும் எல்லாரும் போனாங்க. "மண்ணைத் தோண்டினா கடல் உள்ள வரும். எங்க அப்பாவுக்க வள்ளத்தை எங்க கேத்துவாரு? ஒனக்கு எஞ்சின் வேணும், எனக்கு வீடு வேணும்"னான். அதுக்கு மேல என்னால பேச முடியல. பேசவும் கூடாதுன்னு தோணுச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். மணலை மணலாவே அனுப்பிட்டு, பூச்சு பூசின பிளேடைப் பல மடங்கு விலைக்குத் திரும்ப வாங்குற நாடு, "தேசத்துக்காக மண்ணைக் குடு"ன்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட கேக்குறதுல நியாயம் கம்மி. கொல்லம் பக்கத்துல சவறாவில் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை 2011-ல் வந்தது. நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் வரல. மணல் மட்டும் போச்சு.

இனி என்னைப் பத்தி. ஏன்னா ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் என்ன பண்றேன்னு சொல்லாம போனா மாமா விட மாட்டாரு.

நான் மெக்கானிக்கல். ஃபர்ஸ்ட் இயர்ல எங்களுக்கு ரெண்டு செக்ஷன், இப்போ ஜூனியர்ஸுக்கு ஒண்ணு, அதுவும் நிரம்பல. கையில ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் இருக்கு, ஜாயினிங் எப்போன்னு சொல்லல. வீட்ல எஜுகேஷன் லோன் இருக்கு. அதனால "எல்லாரும் ஐடியை விட்டுட்டு ஜிடிஆர்இக்கு வாங்க"ன்னு நான் எழுதினா அது நாடகம். கேட் எக்ஸாமுக்கு அப்ளை பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்.

ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் விஷயத்துல மட்டும் ஒரு வேலை செஞ்சோம். எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ப்ராஜெக்ட் சென்டர்ல போய் காசைக் குடுத்தா மாடல், ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் ஒரே பையில. சீனியர்ஸ் பலர் அப்படித்தான் வாங்கினாங்க, நல்ல மார்க்கும் வாங்கினாங்க. எங்க நாலு பேர் டீமும் போன ஜூலையில ஒரு சென்டர்ல போய் விலை கேட்டுட்டு வந்தோம். செப்டம்பர்ல மாமா அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பையை நினைச்சாலே ஒரு மாதிரி இருந்தது. "எஞ்சின் யாருக்க?" சென்டர்க்காரனுக்க.

அதனால பழைய லாரி டர்போசார்ஜர் ஒண்ணை வொர்க்‌ஷாப்ல ஸ்கிராப் விலைக்கு வாங்கி, அதுல ஒரு சின்ன ஜெட் எஞ்சின் செய்யப் பார்த்தோம். கம்ப்ரஸரும் டர்பைனும் ஏற்கனவே அதுல இருக்கு, நடுவுல எரியுற அறையை மட்டும் நாம செய்யணும். கேக்க ஈஸி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில ஓட்டை போட்டு ஃப்ளேம் டியூப் செஞ்சோம். கேஸ் விட்டு, பிளக்ல ஸ்பார்க் குடுத்து, ப்ளோயரால காத்து ஊதினோம். முதல் தடவை பத்தவே இல்ல. ரெண்டாவது தடவை பத்துச்சு, ஆனா தீ உள்ள நிக்காம டர்பைனைத் தாண்டி வெளிய வந்து ஷெட்டுக்குப் பின்னாடி நின்ன வேப்பமரத்தைக் கருக்குச்சு. லேப் அசிஸ்டன்ட் அண்ணன் மணல் வாளியோட ஓடி வந்தாரு. மூணாவது தடவை ஃப்ளேம் டியூபோட கடைசி சிவந்து, வாழைத்தண்டு மாதிரி மடிஞ்சு போச்சு.

மடிஞ்ச குழாயை எடுத்துட்டு மாமா வீட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. ஓட்டை முன்னாடி குறைவு, பின்னாடி காத்து போதல, அதான் தீ நீண்டிருக்குன்னாரு. அப்புறம் அதைக் குடுக்காம, துணியில சுத்தி தன்னோட டூல் பாக்ஸ்ல வச்சுக்கிட்டாரு. "இதைக் குப்பையில போடாத மக்களே. ரிவ்யூவுக்கு இதைத்தான் முதல்ல காட்டணும்."

கைடு சார் வேற மாதிரி சொல்றாரு. ரிவ்யூவுக்குள்ள ஓடலைன்னா பேசாம சிமுலேஷன் பண்ணிக் காட்டிருங்க, எக்ஸ்டர்னல் கேக்க மாட்டாங்கன்னு. டீம்ல ரெண்டு பேர் அதுக்கு ரெடி. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அவங்களுக்கும் மார்க் வேணும். நாலாவது டியூபுக்கு ஓட்டை கணக்கு போட்டாச்சு. வர்ற சனிக்கிழமை டிரில் போடுறோம். ப்ளோயரை எடுத்த பிறகும் அது தானா சுத்துதான்னு பார்க்கணும். மாமா தன்னோட பழைய தீயணைப்பானோட வாறேன்னிருக்காரு.